காத்து கெட்டா கத்தும்

பிள்ளை பிறந்த மறுவாரமே டயானாவுக்கு நாத்தனார் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஷெரின் அயர்லாந்தில் நர்ஸ். கல்யாணமாகி வெகுகாலமாகியும் பிள்ளை இல்லாதவள். தம்பிக்கு மகன் பிறந்திருக்கிறான் என்று லீவு போட்டு ஆவூருக்கு வந்தவள், பெட்டியைத் திறக்கும் முன்பே பிள்ளையைத் தூக்கினாள். தூக்கினவள் லேசில் கீழே விடவில்லை. அப்புறம் தொட்டில் எதற்கு வாங்கினோம் என்று டயானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் அடுப்படியில் அக்காவும் தம்பியும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஷெரின் சொன்னதில் ஒன்றுதான் தெளிவாகக் கேட்டது.

"எங்கிட்ட குடுத்துரு, ஜோஸு."

எதை என்று டயானா போய்க் கேட்கவில்லை. அந்த வீட்டில் கேட்டு வாங்குகிற மாதிரி வேறு என்ன இருக்கிறது? அன்றிரவு பிள்ளையைக் கட்டிக்கொண்டு படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவள் அறை அலமாரியில் ஒரு வெள்ளை டப்பா உட்கார்ந்திருந்தது. பச்சை விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னியது. என்னவென்று கேட்டதற்கு, "காத்து கெட்டா கத்தும்" என்றாள் ஷெரின். கத்தினால் பிள்ளையோடு உடனே வெளியே வந்துவிட வேண்டுமாம். பால் கெடும், மீன் கெடும். காற்று எப்படிக் கெடும்? அயர்லாந்தில் காத்து கருப்புக்கும் மெஷின் வந்துவிட்டதாக்கும் என்று தங்கச்சியிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். சிரித்த பிறகுதான் அது கேமராவோ, ஒட்டுக்கேட்கிற கருவியோ என்று உறைத்தது. அன்றிலிருந்து அந்த அறையில் அவள் வாய் திறப்பதே இல்லை.

ஐப்பசி அடைமழை விடாமல் பெய்தது. ஜோஸ் கீரனூரில் பள்ளிக்கூட வாத்தியார்; காலையிலேயே கிளம்பிவிட்டான். ஷெரின் கடைக்குப் போயிருந்தாள். டயானா வழக்கம்போல் பிள்ளையைக் குளிப்பாட்டி, கணப்புச் சட்டியில் சாம்பிராணி போட்டுத் தலை காயவைத்தாள். சாம்பிராணி தீர்ந்த பிறகும் சட்டியை வெளியே வைக்கவில்லை. கங்கு நன்றாகக் கனிந்து செக்கச்செவேலென்று கிடந்தது. புகை துளிக்கூட இல்லை. பிள்ளைக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று சன்னலைச் சாத்தினாள். திரும்பி வருகிறவள் உள்ளே நுழையக் கூடாதென்று கதவையும் தாழ் போட்டாள். வீட்டில் யாரும் இல்லாத தைரியத்தில், டப்பாவையும் மறந்து தங்கச்சிக்குப் போன் போட்டு, மனதில் அடைத்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டத் தொடங்கினாள்.

ஷெரின் பேரை எடுத்ததும் டப்பா அலறியது.

நினைத்தது சரிதான், மாட்டிவிட்டது சனியன். டயானா போனை வைத்துவிட்டு, டப்பாவைத் துண்டில் சுற்றி பீரோவுக்குள் போட்டுப் பூட்டினாள். உள்ளேயிருந்தும் அது விடாமல் முனகியது. தலை விண்ணென்று வலித்தது. மழைக் குளிர்தான் என்று நினைத்துக் கட்டிலில் சாய்ந்தாள். பால் நேரமாகியும் பிள்ளை அழவில்லை.

கதவு தடதடத்தது.

"டயானா, கதவத் தொற. பிள்ளைய எங்கிட்ட குடு."

அவள் பயந்துகொண்டிருந்த அதே வார்த்தை. திறக்கவே கூடாது என்று பிள்ளையை மார்போடு இறுக்கினாள். அதன் கை துவண்டு தொங்கியது. அதைக் கண்டதும் சந்தேகம், ரோஷம் எல்லாம் விட்டுப்போயின. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்த் தாழை நீக்கினாள்.

ஷெரின் பிள்ளையைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னாலேயே ஓட நினைத்த டயானாவின் கால்கள் மடங்கின. போய்விட்டாள், கொண்டுபோய்விட்டாள் என்றுதான் அப்போதும் தோன்றியது. ஆனால் ஷெரின் திரும்பி வந்தாள், வெறுங்கையோடு. மூச்சை அடக்கிக்கொண்டு இவளைக் கக்கத்தில் பிடித்து இழுத்துப் போய், பக்கத்து வீட்டு மூக்கனின் தகரக் கொட்டகையில் சேர்த்தாள்.

அங்கே மூக்கன் மனைவி மடியில் பிள்ளை கிடந்தது. காற்றுப் பட்டதும் அது முகத்தைச் சுளித்து மெதுவாக அழுதது. டயானாவும் அழுதாள். மூக்கன் சட்டியைத் தூக்கி வெளியே வைக்கப் புறப்பட்டார். ஷெரின் வழி மறித்தாள். யாரும் உள்ளே போகக் கூடாது, சட்டி கிடக்கட்டும், டப்பா சத்தமும் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு 108க்குப் போன் செய்தாள்.

"புகையே இல்லையே, மதினி," என்றாள் டயானா.

"புகை இருந்தா இருமிக்கிட்டாவது வெளிய வந்திருப்ப. கங்கு விடுற விஷக்காத்து கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது; அந்த டப்பாவுக்குத்தான் தெரியும். அன்னைக்கே ஜோஸுக்கிட்ட சொன்னேன், அந்தச் சட்டிய எங்கிட்ட குடுத்துருன்னு. நீ கோவிச்சுக்குவன்னு பயந்துட்டான்."

வண்டி வந்தது. பிள்ளை அழுதாலும் இருவரையும் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும் என்றார்கள். டயானாவைப் படுக்கவைத்து மூக்கில் ஆக்சிஜன் வைத்த பெண், பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்று கேட்டாள். ஷெரின் ஏறாமல் கீழேயே நின்றாள்.

"ஏறுங்க, மதினி. நீங்களே வச்சுக்கங்க."

ஷெரின் ஏறிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அதன் முகத்தில் குழாயைப் பிடித்தபடி, டயானாவைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஆஸ்பத்திரி வரைக்குந்தான்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.