பின்பக்கத்து அறை

பிரெஞ்சுக் கடலோர ஊரான தியெப்பில், கடற்கரையிலேயே இருக்கும் எங்கள் விடுதியைக் குறை சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அடுத்த வருடமும் இங்கேதான் வருகிறார்கள். படிக்கட்டு குறுகல். வெந்நீர் யோசித்து யோசித்து வரும். ஆனால் எதிரே கடல், மீன் அங்காடி கூப்பிடு தூரம். நாங்கள் விற்பது இடத்தைத்தான், கட்டில் இனாம். என் அப்பா சந்தையில் துணி விற்றவர். நல்ல பக்கம் வெளியே தெரியும்படி மடித்து வைப்பது எனக்குச் சின்ன வயதிலேயே கைவந்தது.

கடலைக் கேட்காத ஒரே ஆள் ரெமோன் வாஸ்லான். லீல் பக்கத்துச் சந்தைகளில் பாத்திரம் விற்று ஓய்ந்தவர். கல்லறைத் திருநாளுக்கு வருடம் தவறாமல் வருவார். சந்துப் பக்கம் பார்த்த பின்பக்க அறைதான் வேண்டும் என்பார். அதற்கும் பேரம் பேசுவார். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே அவர் தம்பி லூசியானின் வீடு. அம்மாவின் வீட்டை விற்றபோது வந்த சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. திருநாள் காலையில் தம்பி செவ்வந்தித் தொட்டியோடு அம்மாவின் கல்லறைக்குப் போவார். அவர் திரும்பி வந்து கதவைச் சாத்தும்வரை அண்ணன் ஜன்னலிலேயே உட்கார்ந்திருப்பார். பிறகு தன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்.

இந்த வருடம் தொட்டியோடு ஆப்பிள் சாராயம் ஒரு புட்டியும் வந்தது.

"யாருக்கு முசியே இது?"

"லூசியானுக்கு. நாளைக்கு அவன் வெளியே வந்ததும் நானும் இறங்கிடறேன். சேர்ந்தே போறோம். பிடிக்கலைன்னா இதாலேயே என் மண்டையில ஒண்ணு போடுவான், அவ்வளவுதானே."

சாவிப் பலகையில் என் கை அப்படியே நின்றது. லூசியானை ஜூன் மாதமே அடக்கம் செய்தாகிவிட்டது. நானும் போயிருந்தேன். அண்ணன் வராததைப் பார்த்து, வீம்பு இவ்வளவா என்று நினைத்துக்கொண்டேன். இவருக்கு யாரும் சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் புரிந்தது.

அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"முன்பக்கத்து அறை காலியா இருக்கு. கடல் தெரியும். பின்பக்கத்து வாடகையே கொடுங்க போதும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்?"

"இப்ப கூட்டம் இல்லையே."

"போன வருஷமும்தான் கூட்டம் இல்ல. ஒரு யூரோ குறைக்க வைக்கறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிடுச்சு."

"காலைச் சாப்பாடும் சேர்த்துக்கறேன்."

அங்கேதான் கெடுத்துக்கொண்டேன்.

"ஒதீல், நானும் கேக்காமலே விலையைக் குறைச்சவன்தான். பாத்திரத்துல ஓட்டை இருந்தா குறைப்பேன். இதுல எங்க ஓட்டை?"

சொன்னேன்.

தொட்டியைச் சுற்றியிருந்த ஜிகினாத் தாளை வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தார்.

"அவன் பொண்டாட்டி ஒரு வரி எழுதியிருக்கலாம்."

"எழுதியிருக்கலாம்."

"நானும்தான்," என்று கையை நீட்டினார். "பின்பக்கத்துச் சாவி."

மறுநாள் காப்பி கொண்டுபோனபோது ஜன்னலில் இருந்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. லூசியானின் மனைவி இவெத், கைக்கொரு தொட்டியாக, மழையில் குடையில்லாமல் நடந்தாள்.

"இறங்கலையா? ஒண்ணை நீங்க வாங்கிக்கலாமே."

"அவ வீட்டுக்குத் திரும்பட்டும்."

திரும்பினாள், கதவு சாத்தப்பட்டது. அதற்கப்புறம்தான் அவர் இறங்கினார்.

இருட்டுகிற நேரத்தில் வந்தார். தொட்டி இல்லை. புட்டி திறக்காமல் அப்படியே இருந்தது.

"அம்மா பேருக்குக் கீழே அவன் பேரை வெட்டியிருக்காங்க," என்றார். "அதுக்குக் கீழே கல்லுல இடமில்ல."

நான் அவருடைய ஈரக் கோட்டை வாங்கி மாட்டினேன்.

"அந்தக் கடல் அறை இன்னும் இருக்கா?"

"இருக்கு. நேத்துச் சொன்ன வாடகைதான்."

"குறைக்க வேண்டாம். முழுசாப் போடுங்க."

"இந்த இருட்டுல அந்தக் கடல் ஜன்னல்ல ஒண்ணும் தெரியாதே, முசியே."

"அதுக்குத்தான் கேக்கறேன்," என்று பின்பக்கத்துச் சாவியை மேசைமேல் வைத்தார்.