யாருக்கும் புரியாத தையல்

எஸ்ஸியா மதாம் துனிஸிலிருந்து ஒரு கலைஞரை வரவழைக்கிறார் என்று கேள்விப்பட்டபோது சங்கத்துப் பெண்கள் யாரும் ஊசியைக் கீழே வைக்கவில்லை. மதாம் எதையாவது வரவழைத்துக்கொண்டேதான் இருப்பார். போன வருஷம் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தார். அதற்கு முன்னால் தேனீ வளர்க்கக் கற்றுத்தர ஒருவர். அவர் ஊருக்குப் போய்விட்டார். தேனீக்கள் நூலகத்துக் கூரையிலேயே தங்கிவிட்டன.

நாபல் நகரத்து நூலகத்தின் பின்னறையில் வியாழக்கிழமை பிற்பகல்களில் கூடும் பூத்தையல் சங்கம் அது. தலைவி எஸ்ஸியா மதாம், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் ஒருவரின் மனைவி. அவர் ஊசியைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை, மைக்கை விட்டும் யாரும் பார்த்ததில்லை. மற்றவர்கள் கல்யாணப் பெண்களுக்குத் தலையணை உறையும் மேசைவிரிப்பும் தைப்பார்கள். துணியில் அதே மீன், அதே பிறை, அதே ஜோடிப் பறவை. புதுமையெல்லாம் வாயில்தான். நாபலில் ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தால் பெண் வீட்டாருக்குத் தெரிவதற்கு முன் பின்னறைக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பின்னறையில் தலெந்தாவுக்கு ஜன்னலோரத்து நாற்காலி. அது சும்மா கிடைத்ததில்லை. பூத்தையலில் அவள் கைக்கு மிஞ்சின கை அங்கே கிடையாது. அதைவிட, நாரத்தம்பூப் பன்னீருக்குப் பேர்போனவள். ஊரில் எந்தக் கல்யாணம், எந்தச் சாவு என்றாலும் தலெந்தா வீட்டுப் பன்னீர்தான் தெளிப்பார்கள். பக்கத்து வீட்டு ஹல்லூமாவும் வருஷா வருஷம் சித்திரை வெயிலில் பூ வாங்கிக் காய்ச்சத்தான் செய்தாள். ஆனால் ஜனங்கள் முகர்ந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, என்னமோ செம்பு வாடை அடிக்குது" என்று சொல்லிவிடுவார்கள். ஹல்லூமாவுக்கு அது நெஞ்சில் தைத்த முள்.

தலெந்தா நெஞ்சிலும் ஒரு முள் இருந்தது, யாரும் அறியாத முள். நாலு வருஷத்துக்கு முன்னால் கணவரோடு ஒரு மின்விசிறியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே அடுப்பை மறந்துவிட்டாள். பன்னீர் காய்ச்சும் செம்புக் கொப்பரை தண்ணீர் வற்றி, தீய்ந்து, அடி பிளந்துபோயிற்று. புதுசு வாங்கலாம்தான். வாங்கினால் நாபல் முழுக்கத் தெரியும். தலெந்தா கொப்பரையைத் தீய்த்தாள் என்று பேரப்பிள்ளைகள் காலம் வரை சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹல்லூமாவின் மருமகள் ரஃபீக்கா வந்தாள். தங்க விரல்காரி என்று தரகுக்காரி சொன்னதை நம்பி ஹல்லூமா மகனுக்குக் கட்டிவைத்த பெண். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே கண்ணீர் வரும்.

"அக்கா, அத்தை படுக்கைவிரிப்பு கேக்குறாங்க. எனக்குத் தைக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சா என்னைப் பொறந்த வீட்டுக்குப் பார்சல் கட்டிடுவாங்க" என்றாள். பேசிக்கொண்டே அவள் கண்கள் அலமாரியில் இருந்த காலிப் பாட்டில்களைப் பார்த்தன. தையல் வராதே தவிர அவளுக்கு மூளை வரும். "நீங்க பூ போட்டுக் குடுங்க. எங்க வீட்டுப் பன்னீர்ல நான் கொஞ்சம் கொண்டாந்து தர்றேன்."

அன்று முதல் ஹல்லூமா வீட்டுப் பன்னீர் பின்கதவு வழியாகத் தலெந்தா வீட்டுக்கு வந்தது. தலெந்தாவின் பூத்தையல் அதே கதவு வழியாக ஹல்லூமா வீட்டுக்குப் போயிற்று. ஊரார் தலெந்தா பாட்டிலை முகர்ந்து கண்ணை மூடிக் கிறங்கினார்கள். ஹல்லூமா பாட்டிலை முகர்ந்து செம்பு வாடை என்றார்கள். போன வசந்தத்தில் ஒரு கல்யாணத்தில் ஹல்லூமா பொறுக்கமாட்டாமல் தலெந்தா பன்னீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "தூ! பாத்திரம் கழுவின தண்ணி!" என்று எல்லோர் முன்னாலும் துப்பினாள். அவள் துப்பியது அவள் வீட்டுச் சரக்கையேதான். தலெந்தா முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினாள். அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இப்படிப்பட்ட சங்கத்துக்குத்தான் கலைஞர் ஸ்கந்தர் வந்து சேர்ந்தார். முப்பது வயசு, மெலிந்த உடம்பு, கழுத்தில் சால்வை. அவருடைய சட்டைக் கையும் கோட்டு ஓரமும் நூல் நூலாகப் பிரிந்து தொங்கின. வாசலில் "படைப்பூக்கப் பூத்தையல் பட்டறை" என்று பெரிய துணி கட்டியிருந்தார்கள்.

"பட்டறைன்னா ஸ்பானர் கொண்டு வரணுமா?" என்றாள் ஹல்லூமா.

"வாயை மூடு ஹல்லூமா. இது மனசைக் கழட்டி மாட்டுற பட்டறை" என்றார் எஸ்ஸியா மதாம், மைக்கில்.

முதல் நாள் ஸ்கந்தர் எல்லோரையும் கண்ணை மூடி மடியில் துணியை வைத்துக்கொண்டு, அது என்ன சொல்கிறது என்று கேட்கச் சொன்னார். மதியம் மீன் குஸ்குஸ் சாப்பிட்டுவிட்டு வந்த பெண்கள். பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் குறட்டை விட்டார்கள். "எவ்வளவு ஆழமா போயிட்டாங்க பாருங்க" என்று ஸ்கந்தர் நெகிழ்ந்தார்.

தேநீர் நேரத்தில் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டுப் புகைபிடிக்க வெளியே போனார். திரும்பி வந்தபோது கோட்டின் ஓரமெல்லாம் அழகாக மடித்து, கண்ணுக்குத் தெரியாத தையலால் மூடப்பட்டிருந்தது.

"உங்கம்மா உயிரோட இல்லையா தம்பி?" என்று ஹல்லூமா பரிவோடு கேட்டாள். "கவலைப்படாதே, சட்டையையும் கழட்டிக் குடு."

அந்தக் கிழிசலுக்காகவே அந்தக் கோட்டு பாரிஸில் என்ன விலைக்குப் போனது என்பது ஸ்கந்தருக்குத்தான் தெரியும். நல்ல பிள்ளை, நன்றி சொன்னார். அன்று முழுதும் அந்த ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் வாரம் விஷயத்துக்கு வந்தார். "மீனும் பறவையும் போதும், அம்மாக்களே. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணைத் தையுங்க."

"யார்கிட்டயும் சொல்லாததை எதுக்குச் சுவத்துல மாட்டணும்?" என்றாள் தலெந்தா.

"நேரடியாத் தைக்கக் கூடாது. உருவமே வேண்டாம். நிறம், கோடு, முடிச்சு, அவ்வளவுதான். பார்க்கிறவங்களுக்குப் புரியவே கூடாது. அதுதான் கலை."

"புரியவே புரியாதா?"

"சத்தியமா புரியாது."

அறை அமைதியாகிவிட்டது. அந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் அப்படியோர் அமைதி வந்ததில்லை. சொல்லியும் ஆகவேண்டும், யாருக்கும் தெரியவும் கூடாது என்றால், அதைவிட வேறென்ன வரம் வேண்டும்? பெண்கள் தலை குனிந்து தைக்க ஆரம்பித்தார்கள். தலெந்தாவும் தைத்தாள். நாலு வருஷமாகத் தொண்டையில் நின்றது விரல் வழியாக இறங்கிற்று. பிளந்த செம்புநிற வட்டம் ஒன்று. பச்சையில் ஒரு நீள்சதுரம். அதன் இடுக்கிலிருந்து வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இறங்கி இன்னொரு பக்கம் போய்ச் சேர்ந்தன. தைக்கத் தைக்க மனம் பஞ்சாயிற்று. இந்தக் கோட்டுக்காரப் பையன் ஏதோ தெரிந்தவன்தான் என்று முதல்முறையாக நினைத்தாள்.

ரஃபீக்கா தன் துணியைப் பசையால் ஒட்டினாள். பச்சை வெல்வெட் துண்டு, அதன் கீழே இரண்டு சிவப்புக் கோடு. ஸ்கந்தர் அதைப் பார்த்து, "ஊசியையே மறுக்கிற துணிச்சல்!" என்று வியந்தார்.

மூன்றாம் வாரம் கண்காட்சி. ஆளுநர் அலுவலகத்திலிருந்து கலாச்சார அதிகாரி வருகிறார் என்று எஸ்ஸியா மதாம் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடிக்கவைத்தார். பாதாம் பலகாரமும் பைன் பருப்பு மிதக்கும் தேநீரும் வந்தன. ஸ்கந்தர் படங்களைத் தானே மாட்டினார். தலெந்தாவுடையதையும் ரஃபீக்காவுடையதையும் அருகருகே மாட்டி, பின்வாங்கி நின்று பார்த்து, "இந்த ரெண்டும் ஒண்ணோடொண்ணு பேசுது" என்றார். அந்த ஆளுக்குக் கண் இருந்தது. அதுதான் வினையாயிற்று.

அதிகாரி ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று தலையாட்டினார். ஒன்றில் கடலைக் கண்டார், ஒன்றில் தேசத்தைக் கண்டார். பெண்கள் அவர் பின்னால் வந்தார்கள். அவர்களுக்குக் கடலும் தெரியவில்லை, தேசமும் தெரியவில்லை.

"ஏய், இந்த நீல வட்டம் எங்க வீட்டுத் தட்டாச்சே! தொலைஞ்சு போச்சுன்னு தேடினேனே, நீயா எடுத்தே?"

"இந்த முடிச்சு வரிசை யாரு? உன் வீட்டுக்காரர்தானே? ஐயோ பாவம், இவ்வளவு மோசமாவா?"

கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவி யார் தையல் என்று சொல்பவர்கள் அவர்கள். யார் வீட்டுத் திரை என்ன நிறம், யார் செருப்பு எந்தக் கடை என்பதெல்லாம் அத்துப்படி. புரியாத கலை அங்கே தினசரிப் பேப்பர் மாதிரி வாசிக்கப்பட்டது. தலெந்தா தன் துணியிலிருந்த பச்சையைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் சந்தில் எல்லாக் கதவும் நீலம். ஒரே ஒரு கதவுதான் பச்சை. கடைக்காரனிடம் தப்பான டப்பாவை வாங்கி வந்து ஹல்லூமாவின் மகன் அடித்த பின்கதவு.

ஹல்லூமா இரண்டு படங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பச்சையைப் பார்த்தாள். பிளந்த செம்பைப் பார்த்தாள். வெள்ளைப் புள்ளிகள் எங்கே போகின்றன என்று விரலால் தொடர்ந்து போனாள். பிறகு மெதுவாகத் திரும்பி மருமகளின் காலைப் பார்த்தாள். சிவப்புச் செருப்பு.

அந்த நேரம் பார்த்து மைக் கரகரத்தது. "ஐயாவுக்கு இந்த ஜோடிப் படம் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆளுநர் அலுவலகத்து வரவேற்பறையில மாட்டப்போறாங்க! தலெந்தா, வா, இதுக்கு என்ன அர்த்தம்னு நீயே சொல்லு" என்றார் எஸ்ஸியா மதாம்.

தலெந்தா மைக் முன்னால் போய் நின்றாள். "இது வந்து... கடல்..." என்றாள்.

"கடல் எங்க ஊர்ல பச்சைக் கதவு போட்டிருக்காதே" என்று ஒரு குரல். ஹல்லூமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "நகருடி. அர்த்தம் நான் சொல்றேன்."

தலெந்தா கண்ணை மூடிக்கொண்டாள். ஜன்னலோரத்து நாற்காலி போயிற்று, நாபலே போயிற்று என்று நினைத்தாள்.

ஹல்லூமாவும் அந்தச் சில அடி தூரத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். உண்மையைச் சொன்னால் ஊரே கொண்டாடிய பன்னீர் அவளுடையது, அது தேன். ஆனால் வீட்டுக்குள் திருடு போனது தெரியாத மாமியார், தையல் தெரியாத மருமகள், தன் பன்னீரையே துப்பிய நாக்கு என்று மூன்று மானக்கேடு கூடவே வரும்.

"இது எங்க வீட்டுக் கதவு" என்றாள் மைக்கில், நிதானமாக. "இது எங்க வீட்டுப் பன்னீர். இவ கொப்பரை உடைஞ்சு வருஷக்கணக்காச்சு. பக்கத்து வீட்டுக்காரி, அவ பேர் கெடலாமா? என் மருமககிட்ட ரகசியமா குடுத்தனுப்பினேன். யாருக்கும் தெரிய வேணாம்னு நான்தான் சொன்னேன். இவளுக்கு நன்றியை அடக்க முடியலை, தைச்சுட்டா."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எஸ்ஸியா மதாமுக்கு மட்டும் ஞாபகசக்தி அதிகம். "இரு ஹல்லூமா. போன வருஷக் கல்யாணத்துல நீதானே அதைத் துப்பினே? பாத்திரம் கழுவின தண்ணின்னு?"

ஹல்லூமா இமைக்கவில்லை. "பின்னே? சபையில என் சரக்கை நானே புகழ்ந்துக்கிட்டா என்னைப் பத்தி என்ன நினைப்பீங்க மதாம்? சிலருக்கு மைக் கிடைச்சா அடக்கம் போயிடும். எனக்குப் போகாது."

கைதட்டல் கூரையில் மோதித் தேனீக்களைக் கிளப்பிவிட்டது. தலெந்தா எல்லோர் முன்னாலும் ஹல்லூமாவைக் கட்டிக்கொண்டு நன்றி சொல்லவேண்டியதாயிற்று. கட்டிக்கொண்டபோது ஹல்லூமா அவள் காதில், "படுக்கைவிரிப்புல அந்த ஜோடிப் பறவை உன்னுதுன்னு எனக்கு மொத நாளே தெரியும்டி. இவ விரலுக்கு அவ்வளவு வராது. பன்னீர்தான் தெரியாமப் போச்சு" என்றாள்.

"தெரிஞ்சா ஏன் கேக்கலை?"

"கேட்டா நீ நிறுத்திடுவே. விரிப்பு நல்லா இருந்துச்சே."

தலெந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமும் வந்தது. சிரிப்பு சற்று முந்திக்கொண்டது.

மறுவாரமே நாபலின் மூக்குகள் மாறிப்போயின. ஹல்லூமா பன்னீர் மாதிரி உண்டா என்று எல்லோரும் சொன்னார்கள். தங்களுக்கு முன்பே தெரியும் என்றும் சொன்னார்கள். தலெந்தா வீட்டில் மிச்சமிருந்த பாட்டிலை ஒருத்தி முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள். "செம்பு வாடை" என்றாள். தலெந்தா பாட்டிலை வாங்கி மூடிவைத்தாள். அவளுக்கு நாலு வருஷமாக அந்தப் பேச்சின் ருசி தெரியும்.

ஸ்கந்தர் ஊருக்குப் போய், நாபல் பெண்களின் மௌனத்தைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதினாராம். கேட்டவர்கள் யார் மௌனம் என்று விழித்தார்கள்.

பூக்காலம் வந்ததும் தலெந்தா ஒரு நாள் காலையில் பச்சைக் கதவைத் தட்டி, வெளிப்படையாகவே உள்ளே போனாள். முற்றத்தில் விரித்த துணியில் நாரத்தம்பூ குவிந்து கிடந்தது. கொப்பரையின் கீழ் தீ கொழுந்துவிட்டு எரிந்தது.

"தீ ஜாஸ்தி, குறை" என்றாள் தலெந்தா.

"கொப்பரையைத் தீச்சவ எனக்குச் சொல்ல வந்துட்டா."

"தீச்சவளுக்குத்தான்டி தெரியும்."

ஹல்லூமா முணுமுணுத்துக்கொண்டே ஒரு விறகை வெளியே இழுத்தாள். மூலையில் ரஃபீக்கா தலையணை உறையில் தன் முதல் மீனைத் தைத்துக்கொண்டிருந்தாள். அது ஒட்டகம் மாதிரி இருந்தது. தலெந்தா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, துணியை வாங்கிப் பார்த்து, நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.