போன மாசம்

“வாய்க்குள்ள போடு தங்கச்சி. எல்லாம் கீழ சிந்துது.”

“போடுறேன்க்கா.”

தவமணி மறுபடியும் கை நிறைய அரிசி அள்ளினாள். மகள் சிவசக்தியின் உதட்டில் பட்ட வாய்க்கரிசி, ஒட்டிப்போன கன்னக்குழியில் தேங்கி நின்றது. பக்கத்து வீட்டு இராக்கம்மா அதை முந்தானையால் மெல்லத் துடைத்துவிட்டாள்.

அப்புத்தளை மேட்டில் ஓடிப் பழகியவள், முந்தாநாள் காலை பயிற்சியின்போது விழுந்தாள், எழவில்லை. சாப்பாடு போதாத உடம்பு, இதயம் தாங்கவில்லை, மாதவிலக்கு நின்றபோதே காட்டியிருக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

உடம்பில் பாரம் குறைந்தால்தான் மேட்டில் கால் எழும்பும் என்று ஓட்டம் பழக்கும் மாஸ்டர் சொல்லியிருந்தார். அரை ரொட்டியோடு எழுந்து போன மகளைத் தவமணி ஒருநாளும் பிடித்து உட்கார வைத்ததில்லை. “ஒம் மகளக் காத்து தூக்கிட்டுப் போயிரும்டி” என்று மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கையில் பெண்கள் கேலி செய்தபோது, “தூக்கட்டும், மெடலோட கொண்டாந்து விட்டுரும்” என்றவள் அவள். மாதவிலக்கு நின்றதுகூட நல்லதாகத்தான் பட்டது. பந்தய நாளில் தொந்தரவில்லை என்று மகள் சிரித்தாள். திருவிழாவில் தடையில்லாமல் பால்குடம் எடுக்கலாம் என்று தாய் கணக்குப் போட்டாள்.

கால் எலும்பில் வெடிப்பு விழுந்து கிளினிக்குக்குப் போன அன்று, டொக்டர் சிங்களத்தில் கேட்டதை நர்ஸ் உரக்கத் தமிழில் கேட்டாள்: பிள்ளை கடைசியாக எப்போது தூரமானாள்? வாங்கு முழுக்கத் தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமாகாத பிள்ளைக்கு நின்றுவிட்டது என்றால் என்ன நினைப்பார்கள் என்று தவமணிக்குத் தெரியும்.

“போன மாசங்க” என்றாள்.

சிவசக்தி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டாள்.

சவப்பெட்டியை மூட ஆண்கள் வந்தார்கள். தவமணி விலகி லயத்து வீட்டுச் சுவரோரம் நின்றாள். உள்ளங்கையில் மிச்ச அரிசி ஒட்டியிருந்தது. அப்போது மகளோடு ஓடும் ஷஹீலா அருகில் வந்தாள். பண்டாரவளையிலிருந்து தாயோடு வந்திருந்தாள். தொளதொளத்த சட்டைக்குள் மணிக்கட்டு குச்சிபோல் தெரிந்தது.

“ஆன்ட்டி,” குரல் காற்றில் பாதி போனது. “எனக்கும் வாறதில்ல. ரொம்ப நாளா. வீட்டுல சொன்னா வேற மாதிரி நெனப்பாங்க.”

தவமணி கையை மூடிக்கொண்டாள்.

“உம்மா அந்தா, குடையோட நிக்கிறாங்க. நீங்க வந்து சொல்லுவீங்களா, ஆன்ட்டி?”