யார் கை போணி

“என் கம்பெனிக்கு முதல் போணி பண்ணினது யாரு தெரியுமா? இந்த வஞ்சிரம்! வாலால ஒரே அமுக்கு!” என்று திருநாவுக்கரசு கூவியபோது, மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தக் கரையில் வலை உதறிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையை நிறுத்தினார்கள். காகங்கள்கூட நிறுத்தின. பார்வதம் மட்டும் அசையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குரலோடுதானே குடித்தனம் நடத்துகிறாள். கொளவாய் ஏரியில் பார்த்த தண்ணீர்ப்பாம்பை மின்சார ரயில் நீளத்துக்கு வளர்த்துச் சொன்னவர் அவள் கணவர். அதுவும் பன்னிரண்டு பெட்டி ரயில்.

பொருளாதார வரலாற்றுப் பேராசிரியர். இந்த ஜில்லாவில் பஞ்ச காலத்தில் யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்பதைக் காலமெல்லாம் பாடம் நடத்தினார். மாணவர்கள் நிம்மதியாகத் தூங்கி, நல்ல ஆரோக்கியத்தோடு பட்டம் வாங்கிப் போனார்கள். ஓய்வு பெற்ற மறுநாள், பல் தேய்த்துக்கொண்டே, “பார்வதம், மனுஷன் சம்பாதிக்கும்போது சண்டை போடல. பிரிக்கும்போதுதான் போட்டிருக்கான், ஆயிரம் வருஷமா!” என்றார். அந்த நுரையில் பிறந்ததுதான் ‘பங்காளி’ செயலி. மீன் ஏலம் முடிந்து பணம் போனுக்கு வந்ததும் ‘பிரி’ என்ற பொத்தானைத் தட்டினால் போதும். படகுக்கு, வலைக்கு, டீசலுக்கு, ஆளுக்கு என்று அவரவர் பங்கு அவரவர் கணக்குக்குப் போய்விடும். செங்கல்பட்டு வீட்டின் முன்னறையைக் கம்பெனி விழுங்கியது. சோபா மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கியது. பார்வதத்தின் டிவி இப்போது சமையலறையில், அரிசி டின்னின் மேல்.

கரையில் எல்லோருக்கும் செயலி பிடித்திருந்தது. எல்லோர் போனிலும் இருந்தது. ஒருத்தரும் தட்டவில்லை. முதல் போணி ராசியான கையாக இருக்க வேண்டுமே! இல்லாவிட்டால் வருஷம் முழுக்கக் கடல் முகம் கொடுக்காது, கரையே அந்தக் கையைத் திட்டும். திருநாவுக்கரசின் கையோ ஊரறிந்தது. போன வருஷம் ஒரு ஐஸ் கடைக்கு ரிப்பன் வெட்டினார். அந்த நொடி போன கரண்ட், ஐஸெல்லாம் உருகிக் கடலில் கலந்த பிறகுதான் வந்தது. அன்றிலிருந்து அவர் கை குலுக்க வந்தால் எல்லோரும் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இன்றும் போணி ஆகாவிட்டால் கம்பெனியை மூடுவதாகச் சத்தியம் செய்திருந்தார். அதை நேரில் பார்க்கத்தான் பார்வதம் கூட வந்தாள். சோபாவை எந்தச் சுவரோரம் போடுவது என்று பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது.

படகுக்காரர் வரதன் மீனைக் குவித்தார். கூடைக்கார எல்லம்மாள் ஏலம் எடுத்தாள். பணம் வந்தது. குவியலை ஒட்டி, மடித்த சாக்கின் மேல் வரதனின் போன் ‘பிரி, பிரி’ என்று பச்சையாக மின்னியது. வழக்கம்போல எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் போன், “பங்கு பிரிக்கப்பட்டது” என்று கணீரென்று அறிவித்தது. லுங்கி மடிப்புகளிலெல்லாம் மணியடித்தது. திருநாவுக்கரசு குவியலிலேயே பெரிய மீனைக் காட்டிக் கூவியது அதற்குப் பிறகுதான்.

வரதன் வஞ்சிரத்தைத் தூக்கிப் பார்த்தார். அது விறைத்துப்போய்த் தொங்கியது.

“இன்னா சார், இது நடுக்கடல்லயே செத்துப்போச்சு. செத்த மீன் எப்டி அமுக்கும்? நீதான வெரல வுட்ட?”

“அய்யய்யோ, இவரு கையா?” என்று எல்லம்மாள் தலையில் கைவைத்தாள். “எம் மீனு இன்னிக்கி வித்தாப்லதான்!”

வரதன் பார்வதத்திடம் திரும்பினார். “யம்மா, நீ சொல்லு. சாரு பேச்ச நீ ஒருநாளும் ஒத்துகினது இல்ல, கரைக்கே தெரியும். அதான் நீ சொன்னா நம்புவோம். சாரு கைதான்னா, இப்பவே அல்லாரும் அந்த பங்காளிய போன்லேர்ந்து தூக்கிடறோம்.”

திருநாவுக்கரசு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். ‘நான் கவனிக்கலையே’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சோபா தானே நடந்து முன்னறைக்கு வந்துவிடும். ஆனால், எல்லோரும் வானத்தைப் பார்த்தபோது, இவர் விரல் எங்கே நீளுமோ என்று அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

கையிலிருந்த குடையின் நுனியால் வஞ்சிரங்களை விலக்கினாள். அடியிலிருந்து, மீசையும் முள்ளுமாக ஒரு சாண் கெளுத்தி வழுக்கிக்கொண்டு வந்தது.

“வஞ்சிரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவருக்கு எதையும் உள்ளபடி சொல்ல வராது,” என்றாள். “அவர் கை அப்ப இடுப்புல இருந்தது.”

கெளுத்தி மீசையை விறைத்துக்கொண்டு, சாக்கின் பக்கமாக வாலை மறுபடி ஓங்கியது. வரதன் பாய்ந்து போனைத் தூக்கிக்கொண்டார்.

“இதுதான்,” என்றாள் பார்வதம். “துள்ளி விழுந்து வாலால அடிச்சிட்டு, மறுபடி குவியலுக்குள்ள பூந்துடுச்சு. நான் பாத்தேன்.”