ஆறு பேர் அறிந்த ஜெபக்குறிப்பு

ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. விளக்கும் போனது. உள்ளே எஸ்தெராவும் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் த்ரயானும் மட்டும். ருமேனியாவின் ஒரேடியா நகரத்துப் பழைய அடுக்ககங்களில் லிஃப்ட் நிற்பது அதிசயமில்லை. ஆனால் யாருடைய மனந்திரும்புதலுக்காகப் பதினோரு வருடம் மன்றாடினாளோ, அந்த மனிதரோடு மாட்டிக்கொண்டது கர்த்தரின் ஏற்பாடு என்றே அவளுக்குத் தோன்றியது.

"அரை மணி நேரம் ஆகும்!" என்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள்.

"பயப்படாதீங்க அண்ணே. ஜெபம் பண்ணட்டுமா?"

"வேணாம் தாயே. இதுவரைக்கும் பண்ணினதே போதும்."

"என்ன அண்ணே இப்படிச் சொல்றீங்க?"

"என் மகன் என்கூடப் பேசறதில்லைன்னு உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். இப்ப ரொட்டிக்கடைக்காரி கேக்கறா, 'பையன் போன் பண்ணானா'ன்னு."

அது எங்கிருந்து கசிந்தது என்று எஸ்தெராவுக்குப் புரிந்தது. செவ்வாய்தோறும் பாப்டிஸ்ட் சபைச் சகோதரிகள் ஆறு பேர் அவள் சமையலறையில் கூடுவார்கள். ஜெபக்குறிப்பை மொட்டையாகச் சொன்னால் எப்படி? பாரத்தோடு ஜெபிக்க விவரம் வேண்டுமே! த்ரயானின் குடி, விட்டுப்போன மனைவி, பேசாத மகன் எல்லாவற்றையும் கண்ணீரோடு, சத்தமாகத்தான் கர்த்தரிடம் சொன்னாள். ஆறு பேரும் ஆமென் போட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"பாசத்துலதான் அண்ணே..."

"தெரியும். அதனாலதான் திட்டக்கூட முடியல."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஓட வழியிருந்தால் எஸ்தெரா ஓடியிருப்பாள். அவளும் உட்கார்ந்தாள்.

"வர்ற செவ்வாய்க்கிழமை காலைல நுரையீரல்ல ஆபரேஷன். புத்துநோய். யாருக்கும் தெரியாது."

"எங்கிட்டயா சொல்றீங்க?"

"இந்தப் பெட்டிக்குள்ள வேற யாரு இருக்கா?" சிரித்தார், சிரிப்பு இருமலாக முடிந்தது. "பயமா இருக்கும்மா. உங்க ஆண்டவர எனக்குத் தெரியாது. நீங்க வேணா கேளுங்க. ஆனா வாயத் திறக்காம."

வாய் திறக்காமல் ஜெபித்து அவளுக்குப் பழக்கமேயில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகைதான் வந்தது. லிஃப்ட் அசையும்வரை கையை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சகோதரிகள் வந்து உட்கார்ந்ததுமே, மூத்தவளான நோயெமி ஆரம்பித்தாள்.

"த்ரயான் வீடு பூட்டியிருக்கே? அவருக்காக என்ன குறிப்பு?"

மணி பத்து. இந்நேரம் அவரை ஆபரேஷன் மேசையில் கிடத்தியிருப்பார்கள். ஒருமனப்பட்டுக் கேட்டால் கிடைக்கும் என்று எஸ்தெரா உயிராக நம்பினாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆறு பேரும் முழங்காலில் விழுவார்கள். சொல்லாமல் விட்டு அவர் செத்துப்போனால்?

"அவருக்காக ஒண்ணும் கேக்க வேணாம்," என்றாள். "எனக்காகக் கேளுங்க. என் நாக்குக்காக. நம்பிச் சொன்னதையெல்லாம் ஊரெல்லாம் இறைச்சுட்டேன்."

நோயெமியின் முகம் சிவந்தது. பிறகு ஒருவர்பின் ஒருவராக எஸ்தெராவுக்காக உரக்க ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் எஸ்தெரா உதட்டைக் கடித்துக்கொண்டு, த்ரயானின் உயிருக்காகத் தனியாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.