குழியையும் சொல்லுங்க

விடிவதற்கு முன்பே லாரி வந்து கிழங்கைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. கெங்கவல்லிப் பக்கத்து மரவள்ளி. தூரில் செம்மண் ஈரத்தோடு அப்பியிருந்தது. குவியலைச் சுற்றிப் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். கத்தி நுனியால் நீளவாக்கில் ஒரு கீறல், கட்டைவிரலை உள்ளே கொடுத்து ஒரு நெம்பு, வெள்ளைக் கிழங்கு தனியே வந்து விழும். கிழங்கின் பால் விரலிடுக்கில் பிசுபிசுத்துக் காயும். காய்ந்த இடத்தில் தோல் வெடிக்கும். வெடிப்பில் மறுபடியும் பால் இறங்கும்போது எரியும்.

வழக்கமாக அந்நேரத்தில் பேச்சும் சிரிப்பும் இருக்கும். அன்று அது இல்லை. அரவை இயந்திரத்தின் இரைச்சலையும் மீறி எல்லாருடைய காதும் ஆலையின் பின்பக்கத்திலேயே இருந்தது. அன்புச்செல்விக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. சாரதாமணியின் இடம் அது. அவள் சேலம் பெரியாஸ்பத்திரியில், புருஷன் தீர்த்தகிரியின் கட்டிலடியில் இருந்தாள்.

புதுச்சத்திரத்தை ஒட்டி, ஜவ்வரிசி செய்யும் அந்தச் சேகோ ஆலையில், கிழங்கு கழுவிய தண்ணீரும் அரைத்த தண்ணீரும் பின்னாலிருக்கும் குழிக்குத்தான் போகும். இரண்டு ஆள் ஆழம். மேலே சிமெண்டுப் பலகை. முன்பெல்லாம் மோட்டார் வைத்து இறைப்பார்கள். மோட்டார் கருகியதும் முதலாளி சபரிநாதன் அதைக் கழற்றிப் போட்டார், அதோடு சரி. போன வாரம் குழியின் அடியில் திப்பி அடைத்துக்கொண்டது. பிழிந்தெடுத்த கிழங்குச் சக்கை அது, ஊறினால் சேறுபோல இறுகிவிடும். தீர்த்தகிரியை ஏணி வைத்து இறங்கச் சொன்னார்கள். அவன் வாளியோடு இறங்கினான். பாதி ஏணியில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். அப்புறம் கையை விட்டுவிட்டான். ஒரு கூப்பாடுகூட இல்லை.

அன்புச்செல்வியின் கணவன் மாதேஷும் இன்னும் இரண்டு பேரும் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, நீளக் கம்பியில் கொக்கி மாட்டி அவனை இழுத்து மேலே போட்டார்கள். உயிர் இருந்தது. நினைவுதான் இன்னும் திரும்பவில்லை.

வெயில் ஏறும்போது சபரிநாதனின் கார் வந்தது. நாற்பதைத் தாண்டிய மனிதர். தகப்பன் கட்டிய ஆலை இது. தூக்கம் கெட்ட கண்கள். குவியலுக்கு எதிரே வந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. தாய்லாந்து, வியட்நாமுல இருந்து மாவு கப்பல் கப்பலா வந்து எறங்குது. அந்தத் தென்கிழக்காசிய நாடுங்க கூட்டமைப்போட நம்ம நாடு ஒப்பந்தம் போட்டிருக்குது. வரி கம்மி. நாம அரைக்கிற செலவுக்கும் கீழ அவன் விக்கறான். இந்த ரோட்டுல எத்தன மில்லு பூட்டிக் கெடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். இப்ப அந்த ஒப்பந்தத்தத் திருத்தப் பேச்சு நடக்குது. நாளன்னிக்கு டெல்லியில இருந்து ஆபீசருங்க நம்ம மில்லுக்கே வாராங்க. ஆளுங்க சார்பா ஒரு பொம்பள பேசோணும்." அவர் விரல் அன்புச்செல்வியை நோக்கி நின்றது. "நீதான் பன்னெண்டாவது படிச்சவ. நல்லாப் பேசுவ."

அன்புச்செல்வி எழுந்து நின்றாள். "என்னங்க பேசறது?"

"வெளிநாட்டு மாவு எங்க பொழப்பக் கெடுக்குதுன்னு சொல்லு. அழுதாலும் பரவால்ல. தீர்த்தகிரி பேச்ச மட்டும் எடுக்கக் கூடாது. அவன் குடிச்சிட்டு உளுந்தான்."

"அண்ணன் குடிக்க மாட்டாருங்க."

"நான் சொல்றதக் கேளு." குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஆபீசருங்க வரும்போது அந்த நாத்தம் அடிக்கக் கூடாது. நாளைக்குக் காலையில மாதேஷ் எறங்கி அடைப்ப எடுத்துருவான்."

கூலியைக் குறைத்தபோதும் அவர் இதே வெளிநாட்டு மாவைத்தான் காரணம் சொன்னார். அன்று முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். அன்புச்செல்வி மறுபடி உட்கார்ந்தாள். கத்தி கிழங்கில் நிற்காமல் நழுவி விரலைக் கிழித்தது. இரத்தம் கிழங்கின் வெள்ளையில் படிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் சாரதாமணி தொலைபேசியில் அழைத்தாள்.

"அன்பு, மில்லு மேஸ்திரி வந்திருந்தாரு. குடிச்சிருந்தாருன்னு நானே போலீசுல சொல்லோணுமாம். சொன்னா ஆசுபத்திரிச் செலவப் பாத்துக்கறாங்களாம். என்ன புள்ள பண்றது? இவரு மூச்சு வாங்கறதப் பாத்தா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"எதையும் சொல்லிப்போடாதீங்க அக்கா" என்றாள் அன்புச்செல்வி. சொன்ன பிறகு, எந்தத் தைரியத்தில் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசலில் மாதேஷ் கால் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிய காலையே திரும்பத் திரும்பக் கழுவினான்.

"போவ வேண்டாமுங்க" என்றாள்.

"மாட்டேன்னு சொன்னா அப்பறம் எந்த மில்லுல சேப்பாங்க? எல்லா மொதலாளியும் ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுக்குவாங்க." செம்பைக் கீழே வைத்தான். "தீர்த்தகிரி அண்ணாந்து பாத்தாரு புள்ள. என்னையத்தான் பாத்தாரு. என்னமோ சொல்ல வாயத் தொறந்தாரு, சத்தமே வரல. அதுக்கப்பறம் கண்ண மூடினா அந்த மொகந்தான் வருது. எனக்கும் பயமாத்தான் இருக்குது."

அவன் பயம் என்று சொல்லி அவள் அதுவரை கேட்டதில்லை. துண்டை எடுத்து அவன் காலைத் துடைத்துவிட்டாள். இருவரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மாதேஷ் குழியருகே நின்றான். பலகையை நகர்த்தியிருந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் களம் வரைக்கும் வந்தது. ஏணியின் இரண்டு கம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சபரிநாதன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி நின்றார்.

குவியலருகே அன்புச்செல்வி கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். பின்பக்கம் நடக்கத் தொடங்கினாள். தனியாகத்தான் போகிறோம் என்று நினைத்தாள். பாதி வழியில் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அத்தாயி வந்துகொண்டிருந்தாள். அந்தக் குவியலில் எல்லாரையும்விட வயதில் மூத்தவள், எதற்கும் வாய் திறக்காதவள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். களத்தில் மாவு காயப் போட்டுக்கொண்டிருந்தவர்களும் கிளறும் கோலைப் போட்டுவிட்டு வந்தார்கள். அரவை இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள்.

"எல்லாரும் எதுக்கு வந்தீங்க?" என்றார் சபரிநாதன்.

"அவரு எறங்க மாட்டாருங்க" என்றாள் அன்புச்செல்வி. குரல் கீச்சென்று வந்தது. "யாருமே எறங்க மாட்டோமுங்க. மோட்டாரப் போடுங்க. காத்துல வெசம் இருக்குதான்னு வெவரம் தெரிஞ்ச ஆளுங்க வந்து பாக்கட்டும்."

"மோட்டாருக்கு நான் எங்க போறது? மில்லே கழுத்தளவு கடன்ல நிக்குது. பூட்டிருவேன், தெரியுமா? அந்த வெளிநாட்டு மாவையே வாங்கி மூட்ட மாத்திக் கட்டி வித்துட்டுப் போறேன். அதுக்கு நாலு ஆளு போதும். நீங்க ஒருத்தரும் வேண்டாம்."

"அதத் தடுக்கத்தானுங்களே நாளைக்கு என்னையப் பேசச் சொன்னீங்க?"

சபரிநாதன் கைக்குட்டையை உதறி மடித்தார். மாதேஷ் ஏணியை விட்டு ஓரடி பின்னால் வந்தான். அத்தாயி அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டாள்.

"நாளைக்கு ஆபீசருங்க போகட்டும். அப்பறம் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பலகையை மறுபடி மூடினார்கள். வேலை ஓடியது. ஆனால் வென்றோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. "அப்பறம்" என்ற அந்தச் சொல்லே எல்லாருடைய நெஞ்சிலும் கிடந்தது.

அதிகாரிகள் மூன்று கார்களில் வந்தார்கள். தலைமை அதிகாரி ஒரு பெண். அவர் கேட்பதைத் தமிழிலும், இவர்கள் சொல்வதை இந்தியிலும் சொல்ல ஓர் இளம் அதிகாரி உடன் வந்திருந்தார். பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தது. அக்கம்பக்கத்து ஆலை முதலாளிகள் முதலில் பேசினார்கள். வரி, விலை, கப்பல், ஒப்பந்தம். பிறகு அன்புச்செல்வியைக் கூப்பிட்டார்கள்.

அவள் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தாள். முன்வரிசையில் சபரிநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிநாட்டு மாவு வந்தா எங்களுக்கு வேல போவுதுங்க. அது நெசம்" என்று தொடங்கினாள். "இந்த மில்லு ஓடோணும். இல்லீனா எங்களுக்குச் சோறு இல்ல. அது மாதிரி, இந்த மில்லுக் குழியில எறங்கின தீர்த்தகிரி அண்ணன் ஆசுபத்திரியில நெனவில்லாமக் கெடக்கறாரு. மோட்டாரு இல்ல, கயிறு இல்ல. அதுவும் நெசம். மாவ வெல கம்மியாக் குடுக்கோணும்னு மொதலாளி எங்க கூலியிலயும் உசுருலயும் கைய வெக்கறாரு. அந்த நாட்டுலயும் எங்கள மாதிரி கெழங்கு உரிக்கறவங்க இருப்பாங்க. அங்கயும் குழி இருக்குமுங்க. அந்த நாட்டு ஆபீசருங்க கூட ஒப்பந்தம் பேசும்போது வெலைய மட்டும் பேசாதீங்க."

இளம் அதிகாரி மொழிபெயர்க்கத் தொடங்கினார். மாவு, வேலை, சோறு வரைக்கும் சொன்னார். சபரிநாதனை ஒரு பார்வை பார்த்தார். நிறுத்திவிட்டு, "நன்றிம்மா, உக்காருங்க" என்றார்.

அவர் பேசிய இந்தி அன்புச்செல்விக்குப் புரியவில்லை. ஆனால் தான் பேசியதில் பாதி நீளம்கூட இல்லை என்பது புரிந்தது. அவள் உட்காரவில்லை. என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

பந்தலின் ஓரத்திலிருந்து அத்தாயியின் குரல் வந்தது.

"குழியையும் சொல்லுங்க சாமி."

பிறகு இன்னொருத்தி சொன்னாள். மாதேஷ் சொன்னான். களத்து ஆட்கள் சொன்னார்கள். சத்தம் போடவில்லை. கெஞ்சவும் இல்லை. ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்தார். "குழியையும் சொல்லுங்க." தலைமை அதிகாரி கையை உயர்த்தி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். இளம் அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு, விட்டதையெல்லாம் சொன்னார்.

அந்தப் பெண் எழுந்து பின்பக்கம் நடந்தார். பலகையை நகர்த்தச் சொன்னார். நாற்றம் அடித்ததும் இரண்டடி பின்வாங்கினார். பிறகு அவர் சொன்னதை இளம் அதிகாரி தமிழில் சொன்னார்: "இது எங்க துறையில வராது. உரிய இடத்துக்கு எழுதறேன்னு சொல்றாங்க." கார்கள் அடுத்த ஊருக்குக் கிளம்பிப் போயின.

தூசி அடங்குவதற்குள் சபரிநாதன் சொன்னார்: "நாளையில இருந்து யாரும் வர வேண்டாம்."

மறுநாள் எல்லாரும் வந்தார்கள். இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியது. சாலையில் லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. யாரிடமும் திட்டம் என்று எதுவும் இல்லை. போலீஸ் வருமா, அடுத்த வாரம் கடையில் அரிசி தருவார்களா என்ற கேள்விகளோடு கதவோரம் உட்கார்ந்திருந்தார்கள். கிழங்கு லாரி வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார், விஷயம் கேட்டார், இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து நிழலில் உட்கார்ந்தார். "எறக்க ஆளில்லாம நான் மட்டும் எங்க போறது?" என்றார்.

சேலம் பேருந்திலிருந்து சாரதாமணி இறங்கினாள். கசங்கிய சேலை, வாராத தலை. எல்லாரும் எழுந்தார்கள்.

"அப்படியேதான் இருக்காரு" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே. "என் தம்பி அவருகூட இருக்கறான். போலீசுகாரருகிட்ட நெசத்தச் சொல்லிட்டேன். சொல்லிட்டு நேரா இங்க வந்துட்டேன். அங்க உக்காந்திருக்க முடியல."

அன்புச்செல்வி நகர்ந்து இடம் விட்டாள். சாரதாமணி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். இருவரும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். சாலைக்கு அந்தப் பக்கத்து ஆலையின் பெண்கள் சிலர் சாப்பாட்டு வாளியோடு சாலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள்.

உச்சி வெயிலில் கதவின் சின்னத் திறப்பு திறந்தது. மேஸ்திரி முகத்தை மட்டும் நீட்டினார்.

"மொதலாளி பேசலாங்கறாரு. அன்பு மட்டும் உள்ள வரட்டும்."

உள்ளே தனியாகப் போனால் என்ன ஆகும் என்று அன்புச்செல்வி நினைத்துப் பார்த்தாள். எழுந்தாள். சாரதாமணியும் எழுந்தாள். மாதேஷ் எழுந்தான். சேலையை உதறிக்கொண்டு எழும் சத்தம் கதவோரம் முழுக்கக் கேட்டது.

"ஒருத்தரா வர மாட்டோமுங்க" என்றாள் அன்புச்செல்வி. "கதவ முழுசாத் தொறங்க. எல்லாரும் வாரோம்."