நிலா விளக்கைப் பிடுங்கியவள்

என் வீட்டுக்காரர் இறந்து மூன்று வாரம் கழித்து, ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு, ஹாலில் இருந்த மீன் தொட்டியின் நீல விளக்கை ப்ளக்கோடு பிடுங்கிப் போட்டேன். கோபத்தில் செய்ததுதான். இல்லையென்று சொன்னால் பொய். ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் அது.

உப்புத் தண்ணீர்த் தொட்டி, நாலடி நீளம். உப்பை அளந்து கலந்து, சூடு பார்த்து, உள்ளே கடல் பாறைகளை அடுக்கி, அதன்மேல் பவளம் வளர்த்து, ஏழு மீன்களை மாப்பிள்ளை மரியாதையோடு வைத்திருந்தார். பகலில் வெள்ளை விளக்கு எரியும். ராத்திரி ஒன்பதுக்கு அது அணைந்ததும் மங்கலாக ஒரு நீல விளக்கு, விடியும்வரை. அதற்கு நிலா விளக்கு என்று பெயர். தலைக்கு மேலே நிலா இருப்பதாக மீன்கள் நினைத்துக்கொள்ளுமாம். "மீனைக்கூட ஏமாத்தித்தான் வளர்க்கறீங்க" என்பேன். சிரிப்பார், பதில் வராது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். நாள் முழுக்க மெஷினோடு இருந்து, யாராவது பேசினால் பதில் சொல்ல வேண்டும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. நான் பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். அங்கே வருகிறவர்கள் எல்லாம் வாயைத் திறப்பார்கள், நான் மூடிக்கொண்டு இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதற்கெல்லாம் சேர்த்துத் திறப்பேன்.

அப்படித் திறந்த ஒரு ராத்திரிதான் அவர் கட்டிலை விட்டுப் போனார். தங்கை புது வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். வருகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு, தொட்டிக்குப் புதுப் பாறை வந்திருக்கிறது என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தனியாகப் போய், கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால், மனுஷர் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுப் பாறை அடுக்கிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதையே கட்டிக்கிட்டு இங்கயே படுங்க. அந்தக் கட்டில்ல இனிமே உங்களுக்கு இடம் கிடையாது."

தலையணையைத் தூக்கி ஹாலில் எறிந்தேன். சோபாவில் படுத்தார். நாலைந்து நாள் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்று கேட்டேன். என்னைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ராத்திரி நிலா வெளக்கு அணையக் கூடாது. இருட்டுன்னா மீனுக்குப் பயம்."

"பயம் மீனுக்கா, உங்களுக்கா?"

அத்தோடு சரி. அதற்கப்புறம் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாப்பிட்டோம், கடைக்குப் போனோம், காய்ச்சல் வந்தால் மாத்திரை எடுத்துக் கொடுத்தோம். ராத்திரியில் மட்டும் அவர் அங்கே, நான் இங்கே. மீனுக்காகப் போனாரா, என் வாய்க்குப் பயந்து போனாரா என்பது மட்டும் எனக்குத் தெரியவே இல்லை. ஒரு மத்தியானம் கடையில் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். இனிமேல் யாரைப் போய்க் கேட்பது?

விளக்கைப் பிடுங்கிய மறுநாள் காலையில் ஏழு மீன் ஆறாகியிருந்தது. மஞ்சள் மீனைக் காணவில்லை. தொட்டியின் மூடி மூடியபடி இருக்கிறது, தரையில் இல்லை, தண்ணீரில் ஒரு செதில்கூட இல்லை. மறுநாள் இன்னொன்று போனது. அந்த ராத்திரிதான் சத்தத்தையும் கேட்டேன். மோட்டாரின் முனகலுக்கு நடுவில், இருட்டுக்குள்ளிருந்து, விரலைச் சொடுக்கியது மாதிரி ஒரு 'டக்'. அவர் யோசிக்கும்போது விரலைச் சொடுக்குவார்.

துணைக்கு வந்த தங்கையும் கேட்டாள். போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள்.

"மாமாதான்க்கா. அவரோட மீனை ஒண்ணொண்ணா கூட்டிட்டுப் போறாரு."

"உளறாதே. படு."

அவள் மறுநாளே ஏதோ வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். உளறாதே என்று நான் சொன்னேனே தவிர, எனக்கும் அதுதான் தோன்றியது. உயிரோடு இருந்தபோது வாயைத் திறந்து திட்டத் தெரியாத மனுஷர் செத்த பிறகு எப்படித் திட்டுவார், இப்படித்தான் திட்டுவார். விளக்கைத் திரும்பச் சொருகியிருக்கலாம். சொருகினால் அவரிடம் நான் தோற்றுப்போனதாக ஆகிவிடும். பிடிவாதத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இருட்டு ஹாலில் நின்றுகொண்டு, "எல்லாத்தையும் எடுத்துக்குங்க. ஆனா ஏன் போனீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்துக்குங்க" என்றேன். டக் என்றது.

ஐந்து போய், ஆரஞ்சுப் பட்டை போட்ட ஜோடி மட்டும் மிஞ்சியபோது தொட்டிக்காரருக்கு போன் செய்தேன். மாசத்துக்கு ஒரு தரம் வந்து தண்ணீர் மாற்றிக் கொடுப்பவர், ஐம்பது வயசு இருக்கும். சாயங்காலம் வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"ராத்திரி வெளக்கு எரியுதுல்ல?"

"புடுங்கிட்டேண்ணே."

அவர் முகம் மாறியது. வெள்ளை விளக்கு அணையும் வரை காத்திருந்தார். பிறகு ஹால் விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டார். இந்தச் சிவப்பு வெளிச்சம் உள்ளே இருப்பதன் கண்ணுக்குத் தெரியாதாம். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். சோபாவில் நான் உட்காருவதே கிடையாது. அது எனக்குச் சக்களத்தி.

ஒரு மணி நேரம் கழித்து, பாறையின் அடியில் இருந்த ஒரு பொந்திலிருந்து ஐந்து மீசைகள் நீண்டன. பின்னால் ஒரு தலை வந்தது. அதன் பின்னால் உடம்பு, வளையம் வளையமாக, பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கால்களோடு, வந்துகொண்டே இருந்தது. ஒரு முழத்துக்கு மேல் வெளியே வந்தும் வாலைக் காணோம். தாடையை இரண்டு பக்கமும் அகலத் திறந்து, தூங்குகிற ஆரஞ்சு மீன்களுக்கு அடியில் அசையாமல் நின்றது. பிறகு மூடியது. டக். மயிரிழையில் தப்பி மீன்கள் மேலே ஓடின.

தொட்டிக்காரர் பாய்ந்து நீல விளக்கைச் சொருகினார். அத்தனை நீளமும் ஒரே இழுப்பில் பொந்துக்குள் போய்விட்டது. நான் காலை மடக்கி இழுத்துக்கொண்டேன்.

"கடல் புழுதான்க்கா. அந்தப் புதுப் பாறையோட வந்தது, ஆறு வருஷமாச்சு. வெளிச்சம் இருந்தா தலையை நீட்டாது. சாருக்குத் தெரியும்."

"தெரியுமா? ஏன் கொல்லல?"

"பாறையை ஒடைக்கணும். மேல இருக்கற பவளம் அவ்வளவும் போயிரும். அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும், வெளக்கு மட்டும் எரிஞ்சா போதும்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. புழுன்னா அவளுக்கு ஆகாது, தெரிஞ்சா தொட்டியையும் என்னையும் சேர்த்து வெளிய போட்டுருவான்னாரு."

எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல் இருந்தது. அதே ஆறு வருஷம், அதே பாறை. அப்படியென்றால் என் வாயால் போகவில்லை. இந்தச் சனியனுக்குக் காவல் இருக்கத்தான் போயிருக்கிறார்.

"அப்ப, வெளக்கு அணையாம பாத்துக்க ஒரு ஆள் பக்கத்துலயே படுத்திருக்கணும், இல்லையாண்ணே?"

ஆமாம் என்று சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ஆள் எதுக்குக்கா? டைமர் இருக்கு, தானா எரியும். கரெண்ட் போனாலும் வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும். நீங்க ரெண்டு பேரும் ஒரு வாரம் ஊருக்குப் போனப்பகூட எரிஞ்சுதே."

நாளைக்கு வந்து பாறையை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். நான் கதவைத் தாழ் போட்டேன். முதல் தடவையாக அந்தச் சோபாவில் படுத்தேன், அவர் தலை வைக்கும் பக்கமே தலை வைத்து.

தொட்டி நேர் எதிரே இருந்தது. நீல வெளிச்சம் மங்கலாக இருந்ததால், மீன்களுக்கு முன்னால் கண்ணாடியில் வேறொன்றும் தெரிந்தது. சோபாவுக்குப் பின்னால், காற்றுக்காக என்று நான் எப்போதும் திறந்தே வைத்திருக்கும் என் அறைக் கதவு. உள்ளே எரியும் ஜீரோ வாட்ஸ் பல்பு. என் கட்டில், முழுசாக.

சுவரோரம் என் பாதி கசங்கிக் கிடந்தது. இந்தப் பக்கம் அவருடைய பாதியில் விரிப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது. எறிந்த தலையணைக்குப் பதிலாக நான் வாங்கி வைத்த தலையணை அதன் இடத்தில் இருந்தது. ஆறு வருஷமாக நான் அந்தப் பக்கம் புரண்டு படுத்தது கிடையாது. வீம்பாகத்தான் இருந்தேன், ஆனாலும் இடத்தை விட்டுத்தான் வைத்திருந்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அவருக்கும் தெரிந்திருக்கிறது. தினமும் ராத்திரி இங்கே படுத்து, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறார். இடம் கிடையாது என்று சொன்னவள் வா என்று சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார். நானோ, போனவர் தானாக வரட்டும் என்று பன்னிரண்டு அடி தூரத்தில் காத்திருந்தேன்.

"உள்ள வந்து படுங்க" என்றேன், வாய்விட்டு.

கண்ணாடியில் அந்தப் பாதியையே விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். விரிப்பு கசங்கவில்லை.